கனவில் வந்த எண்

சபரிமலை யாத்திரைக்காக விரதம் ஏற்றிருக்கும் ஒருவர் 41 என்ற எண்ணைத் தொடர்ந்து மூன்று இரவுகள் கனவில் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டல விரதத்திற்குரிய நாட்கள் 41 ஆதலால், ஐயப்பன் தமது விரதத்தை ஏற்றுக்கொண்டான் என்று அவர் பூரிப்பார். அதே எண் நாற்பது வயதான ஒரு நோயாளியின் கனவில் தோன்றினால், அடுத்த பிறந்தநாளோடு ஆயுள் முடிகிறது என்று அவர் நடுங்கக்கூடும். எண் ஒன்றுதான். பூரிப்பும் நடுக்கமும் காண்பவர் மனத்தின் சம்ஸ்காரங்களிலிருந்து வந்தவை.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இதற்கென்றே 'ஸ்மோர்ஃபியா' என்ற கனவு அகராதி வழங்கி வருகிறது. கனவில் கண்டதை 1 முதல் 90 வரையுள்ள எண்களில் ஒன்றாக மாற்றி லாட்டரியில் பணம் கட்டுவது அங்கே பழைய வழக்கம். இறந்தவரைக் கண்டால் 47. இறந்தவர் பேசினால் 48. அச்சம் என்றால் 90. சீனர்கள் 8-ஐ மங்கலமாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டு எண் சோதிடர்களோ அதே எட்டைச் சனிக்கு உரியதாக்கி, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும்படி அறிவுறுத்துகிறார்கள்! ஓர் எண்ணின் உள்ளேயே மறைபொருள் உறைந்திருக்குமானால், அது எல்லை கடந்ததும் இப்படித் தலைகீழாக மாறுமா?

ஆயினும், கனவு முழுவதையும் பொருளற்றதென்று தள்ளிவிட நமது சாஸ்திரங்கள் இசைவதில்லை. பலன் கருதிச் செய்யும் கர்மத்தின்போது கனவில் ஒரு பெண்ணைக் கண்டால் அக்கர்மம் நிறைவேறியதாக அறியலாம் என்கிறது சாந்தோக்ய உபநிஷதம். கனவு வருவதை உணர்த்தக்கூடும் என்று பிரம்ம சூத்திரமும் ஒப்புக்கொள்கிறது. அந்தச் சூத்திரத்திற்கு ஸ்ரீ சங்கரர் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உணர்த்தப்படும் செய்தி உண்மையாக இருக்கட்டும். உணர்த்தும் கனவுக் காட்சி பொய்யே என்கிறார் அவர். காட்சியைப் பற்றிக்கொண்டு அதற்குள் தத்துவம் தேடுவதற்கு இங்கே இடமே இல்லை.

கணித மேதை ராமானுஜனை இங்கே பலர் சான்றாகக் கூறுவார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் அருளியவை என்று தம் கணித முடிவுகளைப் பற்றி அவர் சொன்னது நாடறிந்த செய்தி. ஆனால் விழித்ததும் அவர் செய்தது என்ன? கண்டதை எழுதிவைத்துக் கணக்கிட்டார். 1913-இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். நிரூபணம் கேட்ட அந்த அறிஞரோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதியனுப்பிய ஒரு முடிவு, அவர் கருதிய அளவுக்குத் துல்லியமானதன்று என்று பின்னர் தெரியவந்தது. கனவில் பிறந்ததோ, நனவில் பிறந்ததோ, எல்லா முடிவுகளும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட்டன. கனவு எண்ணுக்குப் பொருள் தேடுபவர் அந்த உரைகல்லை நாடுவதே இல்லை. நடந்தால் எண் பலித்தது என்கிறார். நடக்காவிட்டால் வேறு விதமாகக் கூட்டிப் பார்க்கிறார்.

இது தீங்கற்ற பொழுதுபோக்கு என்று விட்டுவிடவும் முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு இசைவதா, மகளுக்கு வந்த வரனை ஏற்பதா என்ற கேள்விகளுக்குக் கனவு எண் விடையாகும்போது, அங்கே விவேகம் வேலையிழந்து நிற்கிறது. முடிவு தவறினால் துன்பப்படுவது அந்த மகள். பொறுப்பேற்க யாரும் இல்லை. பக்தர்களுக்கு இதில் இன்னும் நுட்பமான ஓர் ஆபத்து உண்டு. 108 என்ற எண்ணைக் கனவில் கண்டவர், இறைவன் தம்மைத் தனியே தேர்ந்தெடுத்துவிட்டதாக எண்ணத் தொடங்குகிறார். காலையில் உருட்ட வேண்டிய ஜபமாலை ஆணியில் தொங்குகிறது; அவரோ கனவை நான்கு பேரிடம் விவரித்துக்கொண்டிருக்கிறார். இத்தகைய மறைபொருள் நாட்டம் பெரும்பாலும் பலவீனமான மனத்தின் அறிகுறி, அது மிஞ்சும்போது மருத்துவரைப் பார்த்து நல்ல உணவும் ஓய்வும் கொள்ளவேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் கூறியது கடுமையாகத் தோன்றலாம். கருணையால் சொன்ன வார்த்தை அது.

சாந்தோக்ய உபநிஷதத்தில் கனவும் எண்ணும் சேர்ந்து வரும் கதை ஒன்று உண்டு. ஆத்ம ஞானம் தேடி இந்திரன் பிரஜாபதியிடம் வந்து 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காக்கிறான். முதல் உபதேசத்தில் குறை கண்டு திரும்பி வந்து மேலும் 32 ஆண்டுகள் தங்குகிறான். 'கனவில் மகிமையோடு உலவுபவனே ஆத்மா' என்பது அப்போது கிடைத்த உபதேசம். விரோசனனாக இருந்திருந்தால் முதல் உபதேசத்தைப் போலவே இதையும் ஏற்றுக்கொண்டு போயிருப்பான். இந்திரன் பாதி வழியில் நின்று யோசிக்கிறான். கனவு காண்பவனும் துரத்தப்படுகிறான், கொல்லப்படுவதுபோல் உணர்கிறான், அழவும் செய்கிறானே! சமித்தோடு மீண்டும் வருகிறான். இன்னும் 32 ஆண்டுகள். ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றிய உபதேசமும் அவனுக்கு நிறைவளிக்கவில்லை. மேலும் 5 ஆண்டுகள். ஆக மொத்தம் 101 ஆண்டுகள் என்று உபநிஷதமே கூட்டிச் சொல்கிறது. அந்த 101 இந்திரனின் கனவில் வந்த எண் அன்று. குருவின் வாசலில் அவன் விழித்திருந்து கழித்த ஆண்டுகளின் கணக்கு.

கனவில் கிடைத்த அறிவைப் பற்றிக்கொண்டும் மனத்தை நிலைநிறுத்தலாம் என்று பதஞ்ஜலி முனிவர் யோக சூத்திரத்தில் அனுமதிக்கிறார். அதற்கு சுவாமிஜி தரும் விளக்கப்படி, கனவில் ஒரு தெய்வீக வடிவைக் கண்டு உள்ளம் கனிந்தவர், விழித்த பின் அவ்வடிவையே தியானிக்கலாம். எத்தனை முறை அது வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்ற கணக்கை அங்கே யாரும் கேட்பதில்லை.