கைம்மாறு கருதாத வேண்டுதல்

பிறர்க்கென நாம் வேண்டும் வேண்டுதல் முற்றிலும் பிறர்க்கே உரியதுதானா? அறவோர் நெடுங்காலமாக ஆராயும் இவ்வினாவை ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றும் எழுப்புகிறது.

மந்திர ஆற்றல் பெற்ற சிறுமியரின் கதைகள் 1966ஆம் ஆண்டு முதலே அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வழிவழியாக வருவன. அம்மரபில் 2011இல் 12 பகுதிகளாக வெளிவந்தது ‘மடோக்கா மகிக்கா’. கியூபே என்னும் விந்தை உயிர் அதில் சிறுமியரோடு ஒப்பந்தம் பேசுகிறது: வேண்டுதல் ஒன்று நிறைவேறும், அதற்கு ஈடாகச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும்.

சயாக்கா என்பவள், கை செயலிழந்த வயலின் கலைஞனாகிய தன் தோழனுக்காக அவ்வேண்டுதலைச் செலவிடுகிறாள். கை குணமாகிறது, அவன் உள்ளமோ அவள்பால் திரும்பவில்லை. துயரம் முற்றி, தான் எதிர்த்த சூனியக்காரிகளுள் ஒருத்தியாக அவளே மாறிவிடுகிறாள்.

அவன் நலம்பெற விரும்பினாளா, நலம் தந்தவளாக விளங்க விரும்பினாளா? இரண்டும் கலந்தே இருந்தன என்பது நம் துணிபு. ஆயினும் அவளைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கலப்பற்ற ஈகை மாந்தர்க்கு அரிது. கலப்புடைய ஈகையாலும் ஒரு கை இசைக்கத்தான் செய்தது.

முடிவில் அவள் தோழி மடோக்கா, சிறுமியர் சூனியக்காரிகளாகும் கொடுமை எக்காலத்தும் இல்லாதொழிய வேண்டுகிறாள். அதன் விலையாக, பெற்ற தாயும் தன்னை மகளென்று அறியாதவாறு உலகினின்று மறைகிறாள். நன்றி கூறுவார் இல்லையென்று அறிந்தே செய்த நன்மை அது.

சயாக்காவிடம் நம்மையும், மடோக்காவிடம் நாம் எட்ட விழையும் நிலையையும் காண்கிறோம். அத்தொடர் நம் நெஞ்சைக் கவர்வது இதனாலேயே.