மணல் ஒட்டிய துணி யார் பங்கு?

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அதன் காற்று மட்டும் கோவைக்கு வந்து சேர்கிறது. கொச்சிக் கரையைத் தொட 190 கிலோமீட்டர் போக வேண்டும். இராமேசுவரம் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆனாலும் சனி, ஞாயிறோடு ஒரு பண்டிகை விடுமுறை ஒட்டிக்கொண்டால் போதும், காரில் டென்ட்டைப் போட்டுக்கொண்டு கடலோர ஊர்களுக்குக் கிளம்பும் இளந்தம்பதிகள் இப்போது உண்டு. "ஊட்ல கட்டலு கெடக்கறப்ப மணல்ல போயி எதுக்குச் சாமி படுக்கோணும்?" என்று பெரியவர்கள் கேட்டால் அதைக் கிண்டல் என்று தள்ள முடியாது. ஓய்வுக்குப் போகிறவர்கள் வசதியைக் குறைத்து, வேலையைக் கூட்டிக்கொள்வானேன்? அந்தக் கூடுதல் வேலையில்தான் பயணத்தின் பயனே இருக்கிறது என்பது என் எண்ணம்.

விடுமுறை என்றால் யாருடைய கைக்கு விடுமுறை என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் போகிறது; ஆணுக்கு 97 நிமிடம். அந்த வேலையில் கைவைப்பவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். பழனிக்கோ பவானி கூடுதுறைக்கோ குடும்பமாகப் போகும்போதும் கட்டுச்சோறு கட்டுகிறவள் விடியுமுன் எழுந்தாக வேண்டும். ஓட்டலில் தங்கினால் வேலை கூலிக்காரர் கைக்கு மாறுகிறது. இருவருக்கும் ஓய்வுதான், ஆனால் வீட்டுப் பங்கீடு துளியும் அசைவதில்லை. கூடாரத்திலோ வேலை சிறியதாகி, இருவர் கண்முன்னாலும் கிடக்கிறது. உதிரி மணலில் முளைக்குச்சி நிற்காது. பைகளில் மணலை நிரப்பிப் புதைத்துக் கயிற்றை அதில் கட்ட வேண்டும். கடற்காற்றில் ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்காமல் இன்னொருவர் முடிச்சுப் போட முடியாது. இது ஆண் வேலையா, பெண் வேலையா என்று முன்கூட்டியே தீர்த்துவைத்த வழக்கம் எதுவும் அங்கே இல்லை.

வால்பாறையும் டாப்சிலிப்பும் பக்கத்தில் இருக்கக் கடல் எதற்கு என்று கேட்கலாம். கிணற்றையும் வாய்க்காலையும் முறைத்தண்ணீரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மணமாகி வந்தவள் பெரும்பாலும் கணவன் வீட்டின் வழக்கத்துக்குள் வருகிறாள். காடு தோட்டம், சொந்தபந்தம், அடுப்படி எல்லாவற்றையும் அவள்தான் புதிதாகப் பழக வேண்டும். கடற்கரையில் இருவருமே தெரியாதவர்கள். அலை எதுவரை ஏறும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அங்கேயும் அவன் அலையைப் பார்த்துப் படுத்திருக்க, அவள் ஸ்டவ்வைப் பற்றவைக்கலாமே? வைக்கலாம். கூடாரம் யாரையும் திருத்தாது; பழக்கத்தின் பிடியைச் சற்றுத் தளர்த்தும், அவ்வளவே. சேர்ந்து உழைத்தால் போதும் என்றால் சோமனூரிலும் பல்லடத்திலும் ஒரே கொட்டகையில் தறி ஓட்டும் தம்பதிகளுக்கு இந்தச் சிக்கலே இருக்கக் கூடாது. அங்கும் ஷிப்டு முடிந்தபின் அடுப்பு பெரும்பாலும் ஒருத்திக்கே காத்திருக்கிறது. ஆக, வெளியே உழைப்பைப் பகிர்வது தானாக வீட்டுக்குள் வந்துவிடாது. கரை வெறும் இடமல்ல என்பது அடுத்த மறுப்பு. அதுவும் சரி. அது மீனவர் வலை உலர்த்தும் முற்றம். தை முதல் பங்குனி வரை சோழமண்டலக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குஞ்சுகளை நம் விளக்கு வெளிச்சம் திசைதிருப்பிவிடும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இருட்டியபின் சுற்றுலாப் பயணிகள் தங்க அனுமதியில்லை. ஊராரைக் கேட்டு, அனுமதித்த இடத்தில், விளக்கைத் தணித்துத் தங்குவதும் அந்த இருவரின் கூட்டு வேலைதான்.

ஊர் திரும்பிய இரவோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. மணல் ஒட்டிய துணியும் கரி பிடித்த பாத்திரமும் மூட்டையாகக் கிடக்கும். காலையில் இருவருமே வேலைக்குப் போக வேண்டும். அந்த மூட்டையை அவிழ்க்க நான்கு கை நீண்டால் போய்வந்த தூரத்துக்குப் பலன் உண்டு. இரண்டு கைதான் என்றால், பெரியவர்கள் கேட்டதே சரி. வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருக்கலாம்.