முறையீடு போகும் வழி

(2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய, பேச்சில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கிற ஊர். குரு, பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். சீடன், கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்தவன்.)

சீடன்: ஐயா, மெயின்லேண்டுச் செய்தி எதைத் திறந்தாலும் யாரையாவது யாராவது ஹிட்லர் என்கிறார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரு: பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஒரு சம்பவத்தைச் சொல்.

சீடன்: 2018 ஜூன். நெருக்கடிநிலையின் ஆண்டு நினைவையொட்டி பா.ஜ.க.வின் அருண் ஜெட்லி, இந்திரா காந்தியை ஹிட்லரோடு ஒப்பிட்டு எழுதினார். உடனே காங்கிரசின் ரண்தீப் சுர்ஜேவாலா, மோடி அவுரங்கசீப்பைவிடக் கொடியவர் என்றார்.

குரு: ஒருவர் ஜெர்மனிக்கு ஓடினார், மற்றவர் பதினேழாம் நூற்றாண்டுக்கு ஓடினார். ஆனால் ஜெட்லி எழுதியதில் கொஞ்சம் சரக்கு இருந்தது. இருவருமே அரசியல் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை, அதில் இருந்த பிரிவுகளைக் கொண்டே அதை முடக்கினார்கள் என்பது அவர் வாதம். அதற்கு அவுரங்கசீப் பதிலாக முடியாது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நம் ஊரைப் பார். சர்வாதிகாரம் என்றால் என்னவென்று பார்க்க பெர்லினுக்கா போக வேண்டும்?

சீடன்: செல்லுலார் சிறையைச் சொல்கிறீர்களா?

குரு: அதற்குள் இருந்த டேவிட் பாரியைச் சொல்கிறேன். அயர்லாந்துக்காரர், ஜெயிலர். போர்ட் பிளேருக்குக் கடவுள் தான்தான் என்று புதிதாக வரும் கைதிகளிடம் சொல்வாராம். மனிதனைச் செக்கில் மாடு மாதிரிப் பூட்டி ஒரு நாளைக்கு 30 பவுண்டு எண்ணெய் கேட்டார்கள். இந்துபூஷண் ராய் 1912-இல் தூக்கிட்டுக்கொண்டார். உல்லாஸ்கர் தத்துக்குப் புத்தி பேதலித்தது. கொடுமை என்று பார்த்தால் பாரியை எந்தச் சர்வாதிகாரியோடும் வைக்கலாம், இல்லையா?

சீடன்: வைக்கலாம்.

குரு: அவசரப்படாதே. ஹோதிலால் வர்மா என்றொரு கைதி. பத்திரிகைக்காரர். சிறைக்குள் நடப்பதை எழுதித் தன் கையெழுத்தும் போட்டு, கடிதத்தைக் கள்ளத்தனமாக வெளியே அனுப்பினார். அது கல்கத்தாவில் சுரேந்திரநாத் பானர்ஜியிடம் சேர்ந்தது. அவர் தம் பத்திரிகையில் போட்டார். கேள்வி எழுந்தது. 1913-இல் அரசின் உள்துறையைக் கவனித்த ரெஜினால்ட் கிராடக் இங்கே வந்து கைதிகளை நேரில் பார்க்க வேண்டியதாயிற்று. கடவுளுக்கு மேலதிகாரி வந்துவிட்டார்.

சீடன்: வந்து என்ன கிழித்தார்? பாரி அதே நாற்காலியில்தானே இருந்தார்?

குரு: இருந்தார். நான் வெள்ளைக்காரனுக்கு நற்சான்று எழுதவில்லை. 1858-இல் இங்கே வந்த முதல் அதிகாரி வாக்கர், தப்பியோடிப் பிடிபட்ட 80-க்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் தூக்கிலிட்டவர். நான் சொல்வது வேறு. பாரி காலத்தில் ஒரு முறையீடு கடல் தாண்டிப் போக வழி இருந்தது. ஓட்டைதான், ஆனால் இருந்தது. 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் மூவரும் செத்தார்கள். 1937-இல் மறுபடி உண்ணாவிரதம். அப்போது மெயின்லேண்டில் காந்தியும் தாகூரும் தலையிட்டார்கள், மாகாணங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைகள் இருந்தன. அரசியல் கைதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வழி முழுக்க அடைபட்டால் எப்படி இருக்கும் என்பதை இந்தத் தீவு ஐந்தே ஆண்டில் பார்த்தது.

சீடன்: ஜப்பான்காரர்கள்.

குரு: 1942 மார்ச் 23. வந்திறங்கிய சிப்பாய்கள் வீடு வீடாகக் கோழி பிடித்தார்கள். சுல்பிகர் அலி என்ற இளைஞன் பொறுக்காமல் ஏர்கன்னால் சுட்டான். யாரும் சாகவில்லை. இரண்டு நாளில் அவனை ஊரைக் கூட்டி வைத்துச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். அதை எழுத ஒரு பத்திரிகை இல்லை. கடிதம் கொண்டுபோகக் கப்பல் இல்லை. அப்புறம் ஒற்றர் வழக்குகள். டாக்டர் திவான் சிங், பஞ்சாபிக் கவிஞர், இங்கே இந்திய சுதந்திர லீகின் தலைவர். அதாவது ஜப்பான் பக்கம் நின்ற அமைப்பின் தலைவர். அவரையே 1943 அக்டோபரில் பிடித்துப்போய் அதே செல்லுலார் சிறையில் அடைத்து வதைத்தார்கள். 1944 ஜனவரி 14-இல் இறந்தார்.

சீடன்: இடையில்தானே நேதாஜி வந்தார்?

குரு: அதைத்தான் நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். டிசம்பர் 29-இல் வந்தார். 30-ஆம் தேதி ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் வைத்தார். செல்லுலார் சிறையையும் அவருக்குக் காட்டினார்கள். திவான் சிங் அப்போது அதற்குள் உயிரோடு இருந்தார்.

சீடன்: (சற்று நேரம் பேசவில்லை.) அவருக்குத் தெரியாதா?

குரு: போகிற இடமெல்லாம் ஜப்பானிய அதிகாரிகள் கூடவே இருந்தார்கள், உள்ளூர்க்காரர் எவரையும் தனியே பேச விடவில்லை என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் கொடியேற்றிய நாளிலிருந்து சரியாக ஒரு மாதம், 1944 ஜனவரி 30, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுப் பள்ளத்தில் தள்ளினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள், அவரை வரவேற்ற ஆட்கள்.

சீடன்: ஹிட்லரைச் சந்தித்துக் கைகுலுக்கியவர்தானே என்று சிலர் அவரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்களே. நீங்களும் அப்படித்தான் சொல்ல வருகிறீர்களா?

குரு: இல்லை. 1942 மே மாதம் ஹிட்லரைப் பார்த்தார், உண்மை. கைகுலுக்கியதை வைத்து மனிதனை எடை போடுவது சோம்பேறி வேலை. அவர் ஒருவரையும் இங்கே கொல்லச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் நின்ற இடம் இருக்கிறதே, அது ஆபத்தான இடம். காட்டுவதை மட்டும் பார்க்கிற, சொல்வதை மட்டும் கேட்கிற இடம். நல்லவர், தியாகி, நாட்டுக்காக உயிரை வைத்து ஆடியவர். அவரே அங்கே போய் நின்றால் சில அடி தூரத்துச் சத்தம் அவர் காதில் விழவில்லை.

சீடன்: பிறகாவது விழுந்ததா?

குரு: அதற்கு ஒரு தமிழரின் கதையைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆற்காடு துரைசாமி லோகநாதன். ராணுவ மருத்துவர், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். நேதாஜி அவரை இந்தத் தீவுகளுக்கு ஆளுநராக அனுப்பினார். 1944 பிப்ரவரியில் வந்தார், ஹம்ஃப்ரிகஞ்சு மண் காயும் முன்னால். போலீசைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டார். ஜப்பானியர் மறுத்துவிட்டார்கள். போலீஸ் இல்லாத அரசு எனக்கு எதற்கு என்று மற்ற துறைகளை வாங்க மறுத்தார். கல்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு நாட்டின் ஆளுநர், கையில் பள்ளிக்கூடங்கள் மட்டும்! அதே ஆண்டில் திரும்பிப் போய்விட்டார். பதவியின் பெயர் பெரிது, ஆனால் இரவில் வீட்டுக்கதவைத் தட்டுகிறவனைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவர் அதைப் புரிந்துகொண்ட முறைதான் எனக்குப் பிடித்தது. கல்வி, சுகாதாரம், வேளாண்மை எல்லாம் வாங்கிக்கொண்டு படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

சீடன்: அப்படியானால் உங்கள் அளவுகோல் ஆள் யார் என்பது இல்லை, முறையீடு போகிறதா இல்லையா என்பது.

குரு: சிலம்பை நினைத்துப் பார். பாண்டியன் நெடுஞ்செழியன் விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்னவன். மன்னிக்க முடியாத குற்றம். ஆனால் கண்ணகி வாசலில் வந்து நின்றபோது காவலன் உள்ளே போய்ச் சொன்னான், அரசன் வரச்சொன்னான், சிலம்பை உடைக்க விட்டான். அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால் இளங்கோவுக்குக் காப்பியமே இல்லை.

சீடன்: இப்போது இந்திராவுக்கு வாருங்கள். உங்கள் அளவுகோலில் ஜெட்லி வெல்கிறாரா?

குரு: பாதி. 1976-இல் ஜபல்பூர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. விசாரணையில்லாமல் சிறையில் வைத்தவர்கள் நீதிமன்றத்துக்கு வரலாமா என்பது கேள்வி. நீதிபதி கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் தேயிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டால் கூடவா வழியில்லை? நெருக்கடிநிலை இருக்கும் வரை இல்லை என்று பதில் வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசுக்குச் சரி என்றார்கள். மறுத்தவர் கன்னா ஒருவர்தான். தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராமல் போனது அதனால்தான். அந்தப் பதிலில் ஹம்ஃப்ரிகஞ்சின் வாடை அடிக்கிறது. 1933 பிப்ரவரி 28-இல் ஜெர்மனியில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைத்த ஆணையின் வாடையும்தான்.

சீடன்: மறுபாதி?

குரு: ஹிட்லர் 1933 மார்ச் 23-இல் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடமிருந்து வாங்கிக்கொண்டார். ஜூலைக்குள் மற்ற கட்சிகளே இல்லை. அதற்குப் பிறகு அவரை வாக்குப்பெட்டியால் இறக்க வழி இல்லாமல் போயிற்று. இந்திரா 1977 மார்ச்சில் தேர்தல் நடத்தினார், ரே பரேலியில் தாமே தோற்றார், இறங்கினார். நெருக்கடிநிலையின்போது சென்னை மத்திய சிறையில் தி.மு.க.வினரை அடித்ததை இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. கம்பனில் தோய்ந்த அதே நீதிபதி மு.மு. இஸ்மாயில்தான். அடிபட்ட சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துவிட்டார், அவருக்கு அந்த விசாரணை பயன்படவில்லை. ஆனாலும் விசாரிக்க ஒரு நாற்காலி போட முடிந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம், நெருக்கடிநிலைக்கு ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று ஆக்கியது. இந்தப் பாதியை மறைத்து அவரை ஹிட்லர் என்பது பொய். இந்தப் பாதியை மட்டும் காட்டி நெருக்கடிநிலை சின்ன விஷயம் என்பதும் பொய்தான்.

சீடன்: ஐயா, நம் நிலைமை? நமக்குச் சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநரை டெல்லி அனுப்புகிறது. மொத்தத் தீவுகளுக்கும் ஒரே எம்.பி. உங்கள் அளவுகோலில் நாம் எங்கே இருக்கிறோம்?

குரு: வழி இருக்கிறது, நீளமான வழி. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அமர்வு இங்கே நடக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தல் உண்டு. கத்தினால் யாரும் சுட வரமாட்டார்கள். இதை ஜப்பான் காலத்தோடு ஒப்பிடுகிறவன் ஹம்ஃப்ரிகஞ்சுக்குப் போய் அங்கே நிற்கட்டும். ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடவும் கூடாது. பெரிய நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று, முதலில் 72,000 கோடி ரூபாய் என மதிப்பிட்ட திட்டம் வருகிறது. அங்குள்ள நிகோபாரியப் பழங்குடிக் கவுன்சில் 2022 ஆகஸ்டில் தடையில்லாச் சான்று கொடுத்தது. நவம்பரில், எங்களுக்கு முழுவதும் விளக்கவில்லை, எங்கள் பழைய ஊர்கள் இருந்த இடமும் இதில் போகிறது என்று அதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதியது. 2004 சுனாமியில் ஊரை விட்டு வந்தவர்கள். திரும்பிப் போக வேண்டும் என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள்.

சீடன்: அதைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். ஹிட்லர் ஆட்சி என்று தலைப்பு வைத்தேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

குரு: யாராவது அந்தக் கடிதத்தைப் படித்தார்களா?

சீடன்: ஹிட்லரைப் பற்றித்தான் சண்டை நடந்தது.

குரு: பார்த்தாயா? ஹோதிலால் தன் கடிதத்தில் ஜார் மன்னன், நீரோ என்றெல்லாம் எழுதி நிரப்பியிருந்தால் கிராடக் கப்பல் ஏறியிருக்க மாட்டார். யாரை எங்கே எப்படி வதைத்தார்கள் என்று எழுதினார். ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பிடு. எந்த மாதம், எந்தச் சட்டம், எந்தக் கதவை மூடினார்கள் என்று எழுதி ஒப்பிடு. அந்தப் பதிவை எடுத்துவிட்டுக் கவுன்சிலின் கடிதத்தை முழுதாகப் போடு. ஒரு நகலை எம்.பி.க்கு அனுப்பு. இதற்கு அரசு எழுத்தில் என்ன பதில் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று கேள். பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இரு.