ஐந்தாம் நாள் அடைப்பு

திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதிக்கு அருகே, கடலோரம்.

சீடன்: ஐயா, காசிமேட்டில் வலை பின்னும் என் மாமாவுக்கு மாரடைப்பு வந்து ஐந்து நாளாகிறது. வாயு என்று சோடா குடித்துப் படுத்துவிட்டார். இப்போது ஆஞ்சியோவில் இதயக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு. ஒரு டாக்டர் ஸ்டென்ட் என்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார். ஒருவர் பொய் சொல்கிறார்தானே?

குரு: வலி வந்ததுமே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் இரண்டு பேச்சு வந்திருக்காது. முதல் 12 மணி நேரத்தில் அடைப்பைத் திறக்கத்தான் பார்ப்பார்கள், பலூனாலோ, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியாலோ. சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்யும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலேயே சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவில் ஓராண்டுச் சாவு குறைந்திருந்தது.

சீடன்: ஐந்தாம் நாளில்?

குரு: அதற்குள் அந்தக் குழாய் ரத்தம் தரும் இதயத் தசையில் பெரும்பகுதி செத்திருக்கும். 2006-இல் வெளிவந்த ‘ஓஏடி’ ஆய்வில், மாரடைப்புக்குப் பின் 3 முதல் 28 நாளுக்குள் முழு அடைப்போடு, தொந்தரவில்லாமல் இருந்த 2,166 பேரைப் பார்த்தார்கள். அடைப்பைத் திறந்ததால் சாவோ மறு மாரடைப்போ குறையவில்லை.

சீடன்: அப்படியானால் ஸ்டென்ட் சொன்னவர் காசுக்குத்தான் சொன்னார்.

குரு: அவசரப்படாதே. வலி திரும்ப வருகிறதா? வேறு குழாயிலும் அடைப்பு உண்டா? 2019-இன் ‘கம்ப்ளீட்’ ஆய்வில், மற்றக் குழாய்களின் பெரிய அடைப்புகளையும் சரிசெய்தவர்களுக்கு மறு மாரடைப்பு குறைந்தது. காசாசை உலகில் உண்டுதான். ஆனால் அதையே காரணமாக்கினால், ஆசையில்லாத இருவர் மாறுபடுவதை எப்படி விளக்குவாய்?

சீடன்: யாரைத்தான் நம்புவது?

குரு: இருவரையும் கேள். அந்தத் தசைக்கு இன்னும் உயிர் உண்டா? ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா, வலி மட்டும் குறையுமா? எது தெரிந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர் அளந்து பேசுகிறவர்.

சீடன்: இருவருமே சொன்னால்?

குரு: அதற்குமேல் டாக்டர் மட்டும் முடிவு செய்ய முடியாது. படகு இறங்கும் இடத்தில் மறுபடி நிற்க வேண்டுமா, ஸ்டென்ட் இல்லாமல் வீட்டில் இருந்தால் போதுமா என்பதை மாமாதான் சொல்ல வேண்டும். சரி, மாத்திரையை விடக்கூடாது, பீடியை விட வேண்டும் என்பதில் டாக்டர்கள் மாறுபட்டார்களா?

சீடன்: இல்லை ஐயா. ஒரே குரலில் சொன்னார்கள். மாமாதான் காதில் வாங்கவில்லை.

குரு: அப்போ அதில் தொடங்கு.