எந்த நோயில் போனார்கள்?

ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் அருவியாடிவிட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறார்கள். மரபியல் மருத்துவர் கேட்பதும் அதே மூன்று தலைமுறையைத்தான். கூடவே இன்னொன்றும் கேட்பார்: எந்த நோயில், எந்த வயதில் போனார்கள்? அதற்கு நம் வீடுகளில் பதில் கிடைப்பதில்லை. தெரிந்த பெரியவர்களும் வாய் திறப்பதில்லை.

அருவிக்கரையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது முதுகைக் கொஞ்சம் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் தட்டையான மச்சம் ஒன்றிரண்டு இருந்தால் கவலை வேண்டாம். அரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக ஆறோ அதற்கு மேலோ இருந்து, அக்குளிலும் பொடிப்புள்ளிகள் தெரிந்தால், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்னும் மரபணுக் கோளாறாக இருக்கலாம். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இந்தக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குப் பார்வை நரம்பில் கட்டி வருகிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே. பல கட்டிகள் தொல்லை தராமல் நின்றுவிடும். சில, பார்வையையே பறித்துவிடும். ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்தால் முன்கூட்டியே பிடிக்கலாம். நாமோ மச்சம் இருந்தால் ராசி என்று மகிழ்ந்து சட்டையை மாட்டிவிடுகிறோம்.

கட்டி என்று தெரிந்ததும் ராசி போய்த் தோஷம் வந்துவிடுகிறது. பூர்வ ஜென்ம வினை, நாக தோஷம், கடைசியில் "மருமக வந்த நேரம்". இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வரவே இல்லை. 17ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் புதிதாக விழுந்த பிழை. மீதிப் பேருக்குத் தாய் வழியிலும் வரலாம், தகப்பன் வழியிலும் வரலாம். எவரும் செய்த பாவம் இதில் இல்லை. "எங்க ரத்தத்துல இது கிடையாது" என்று மாப்பிள்ளை வீட்டார் மார்தட்டுவதும் மூடநம்பிக்கைதான். வினையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் ரத்தத்தை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டுவதால் வருவதல்ல மேலே சொன்னது. அப்படிக் கட்டும்போது வாய்ப்புக் கூடுகிற நோய் வேறு. செல் பிரியும்போது மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் நம் உடலில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தால், பிள்ளைப் பருவத்திலேயே மூளைக்கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று வரும் அபாயம் மிக அதிகம். இந்தப் பிள்ளைகளுக்கும் அதே காப்பி நிற மச்சங்கள் இருப்பதுண்டு. இது அரிதான நோய். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவில் கட்டியவர்கள். அக்காள் மகளைக் கட்டிய மாமனுக்கும் அவளுக்கும் ஒரே ஆச்சியின் பழுது வந்திருக்க முடியும். நடுவயதில் "வயித்து வலியில போயிட்டா" என்று சொல்லி மூடிவைத்த அந்த ஆச்சியின் சாவு குடல் புற்றாலோ கருப்பைப் புற்றாலோ நேர்ந்திருந்தால், அதுவே முக்கியமான துப்பு.

பத்துப் பொருத்தம் பார்க்கும் வீட்டில் இதைக் கேட்டால் சண்டை வரும். சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாதே என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. நோயைக் காட்டிப் பெண்ணை ஒதுக்குபவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் மறைத்துக் கட்டிவைத்த பிறகு நோயோடு பிள்ளை பிறந்தால் பழியைச் சுமப்பவளும் அதே பெண்தான். அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி மறைப்பதை நான் ஏற்கவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்கிறேன்.

திருத்தும் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான பிள்ளையின் மூளைக்கட்டிக்கு, வழக்கமாகத் தரும் டெமோசோலோமைட் என்னும் மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்குக் கட்டி சுருங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த மருந்தைத் தேர்வது என்று மருத்துவர் யோசிக்கும்போது, ஆச்சி எப்படிச் செத்தாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையோடு பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சோதித்துப் பார்த்து, இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்து, கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். வாயை மூடிக்கொண்டிருக்கும் பெரியவர்கள், அந்தப் பிள்ளையின் தங்கச்சிக்கு எப்போது சொல்வதாக இருக்கிறார்கள்?