கண்டறிதலும் நின்றறிதலும்

திரும்பினேன் என்றறிதல் வேறு, அத்திருப்பத்தில் நிற்றல் வேறோ என்பது ஆராயற்பாலது. 1998-இல் கிளாட்ஸ்கி முதலிய அமெரிக்க உளநூலார், கணினி சமைத்த தோற்றவெளியில் மாந்தரை முக்கோணத்தின் இருபக்க வழியே செலுத்தி, தொடங்கிய இடத்தை நோக்கி உடலால் திரும்பப் பணித்தனர். அசையாதிருந்து காட்சி மாத்திரையாற் சென்றோர், இடைத்திருப்பத்தைக் கண்டிருந்தும், அதனளவே மிகையாகத் திரும்பினர். வழியைச் சொல்லக் கேட்டோரும் அன்னரே. கேட்டல் வேறு, நிட்டை வேறு என்னும் சைவநூலார்க்கு இது வியப்பன்று. திருப்பத்தில் மெய்யாகவே உடல் திரும்பப்பெற்றோரோ அங்ஙனம் வழுவிலர். தலை திரும்பாவழி உட்செவியின் அரைவட்டக் குழல்கள் வாளாவிருத்தல் இதற்கோர் ஏதுவாம்.

இதுகொண்டு காட்சியளவையை இகழ்தல் விரைவாம். 2002-இல் ரீக்கே முதலியோர் ஆய்வில், வளைந்து சூழ்ந்த பெருந்திரையின்முன் காட்சி ஒன்றானே மீண்டோரும் உளர். ஆண்டு மீளுதலும் தோற்றவெளிக்குள்ளேயே நிகழ்ந்தது. முன்னையோரோ உடலால் விடையிறுத்தவர். அவ்வழி வழுவியது கண்ட அறிவோ, திரும்பாதிருந்த உடம்போ?