தாங்கும் கையும் தடுக்கும் கையும்

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து மயிலையில் நெடுங்காலமாக வாழும் நயினார் ஒருவரை நாம் அறிவோம். எழுபது வயதைக் கடந்தவர். விடியலில் எழுந்து நீராடி, சாமாயிகம் முடித்து, மாட வீதிகளை ஒருமுறை சுற்றி நடந்து, பூசைக்குப் பூவும் சமையலுக்குக் காயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது அவர் வழக்கம். ஒரு நாள் பெயர்ந்து கிடந்த நடைபாதைக் கல்லில் கால் இடறி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்கு நடந்தேறியது, எலும்பும் கூடிற்று. ஆயினும் நான்கு திங்கள் கழித்து நாம் காணச் சென்றபோது அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

வீட்டார் அன்பில் குறை வைத்தவர்கள் அல்லர். மகன் தூக்கி உட்கார வைக்கிறார். மருமகள் பொழுது சாய்வதற்கு முன்னரே உணவை ஊட்டி விடுகிறார். பேரன் கண்ணாடியையும் செய்தித்தாளையும் கையில் கொண்டுவந்து கொடுக்கிறான். “அப்பா, நீங்கள் அசையவே கூடாது, நாங்கள் எதற்கு இருக்கிறோம்?” என்கிறார் மகன். அவர்கள் அடுக்களைப் பக்கம் சென்ற நேரத்தில் பெரியவர் தாழ்ந்த குரலில் எம்மிடம் சொன்னார்: “எல்லாரும் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். பரணில் பித்தளைப் பாத்திரத்தை வைத்திருக்கிறார்களே, அப்படி.”

அன்று முதல் ஒரு வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அன்பினால் செய்யப்படும் உதவி, இன்னோர் உயிரின் ஆற்றலை முடக்கிவிடுமானால், அது அறமாகுமா? இல்லறத்தாராகிய நாம் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் கட்டிலின் பக்கத்திலோ கட்டிலின் மேலோ இருந்து விடை காண வேண்டிய வினா இது.

முதலில், நம்மிடையே வழங்கும் இரண்டு தவறான எண்ணங்களை நீக்கிக் கொள்வோம். “எல்லாம் வினைப்பயன், அனுபவித்துத்தான் தீர வேண்டும்” என்பது ஒன்று. துன்பம் அசாதா வேதனீயத்தின் உதயம் என்று நம் ஆகமங்கள் கூறுவது உண்மையே. ஆனால் வினைக் கொள்கை, ஒருவன் தன் நிலையைத் தானே ஆராய்ந்து முயற்சியில் ஊக்கம் கொள்வதற்காக அருளப்பட்டதேயன்றி, நோயாளியின் தலைமாட்டில் நின்று பிறர் கூறும் தீர்ப்பாக அருளப்பட்டது அன்று. வினை வந்து சேரும் வழியைச் சொன்ன பெரியோரே அதைத் தடுக்கும் வழியையும் உதிர்க்கும் வழியையும் சொன்னார்கள். முயற்சிக்கு இடமில்லை எனில் நிர்ஜரை என்னும் தத்துவத்திற்கே இடமில்லாது போகும்.

“உடல் வேறு, உயிர் வேறு, அழியும் உடலின் கால் ஒன்றுக்காக இத்தனை பாடு எதற்கு?” என்பது மற்றொன்று. உடல் வேறு என்பது மெய். ஆனால் விரதமும் தானமும் வழிபாடும் இவ்வுடலைக் கருவியாகக் கொண்டே இயலும். முனிவருக்கு உரிய ஐந்து சமிதிகளில் முதலாவது ஈரியா சமிதி; சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி நடத்தல். நடத்தலை ஓர் ஒழுக்கமாகவே வைத்து எண்ணிய நெறி நம்முடையது. முறிந்த காலோடு இரு கம்பிகளைப் பற்றிக்கொண்டு, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று கண் பதித்து நிற்பவரைப் பாருங்கள். அக்கவனம் உடற்பற்று அன்று, விழிப்பு.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஆறு திரவியங்களில் தர்மாத்திகாயம், அதர்மாத்திகாயம் என்னும் இரண்டு உண்டு. இவை இங்கே புண்ணிய பாவங்களைக் குறிப்பன அல்ல. இயங்குவதற்குத் துணையாவது முன்னது. நிலைபெறுவதற்குத் துணையாவது பின்னது. நம் ஆசிரியர்கள் இவற்றை விளக்க, மீனுக்கு நீரையும் வழிப்போக்கனுக்கு மர நிழலையும் எடுத்துக்காட்டினர். நீர் மீனைத் தள்ளுவதில்லை. ஆயினும் நீரின்றி மீன் நீந்தாது. நிழல் எவரையும் பிடித்து நிறுத்துவதில்லை. ஆயினும் நிற்க விரும்புவோர்க்கு இடம் தருகிறது. இயங்கும் ஆற்றல் இயங்குவதற்கே உரியது. துணையோ அதன் அருகில் நிற்பது. உலக அமைப்பைப் பற்றிய இவ்வுண்மை, உதவியின் இலக்கணமாகவும் நமக்கு அமைகிறது என்பது எம் கருத்து. உதவி நீரைப் போல இருத்தல் வேண்டும். தள்ளவும் கூடாது, வற்றிப் போகவும் கூடாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். இளம் மருத்துவரான அவர், தம் வாழ்வு அத்தோடு முடிந்ததென்றே எண்ணினார். அவருடன் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவையை அமர்ந்தபடியே செய்யலாமே என்று வழி காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமானார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் கால்கள் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் அவரைச் செயலற்றவர் என்று யார் சொல்லக்கூடும்?

நடன மணி சுதா சந்திரனின் வரலாறு பலரும் அறிந்தது. 1981-இல் திருச்சிப் பக்கம் நேர்ந்த பேருந்து விபத்தை அடுத்து வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, வலியோடு பயின்று, 1984-இல் மீண்டும் மேடையில் ஆடினார். அவர் கதையே ‘மயூரி’ என்னும் தெலுங்குத் திரைப்படமாயிற்று. அதில் அவரே நடித்தார்.

அந்த ஜெய்ப்பூர்க் கால் நம் சமயத்தாருடன் நெருங்கிய தொடர்புடையது. மேலை நாட்டுச் செயற்கைக் கால்கள், நாற்காலியில் அமர்ந்து காலணியோடு நடப்போர்க்கு ஏற்றவை. நம் நாட்டவர்க்கோ வயற்சேற்றில் இறங்க வேண்டும். குந்தி உட்கார வேண்டும். சம்மணமிட்டு அமர்ந்து உண்ண வேண்டும். வெறுங்காலோடு ஆலயத்துள் புக வேண்டும். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் இத்தேவைகளை மனத்திற்கொண்டு இரப்பரால் பாதம் அமைத்தனர். 1969-இல் ஜெய்சால்மரில் மாவட்ட ஆட்சியராயிருந்த டி.ஆர். மேத்தா என்னும் சமணப் பெருந்தகை விபத்தில் சிக்கிக் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டார். பொருள் வசதியற்ற ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தால் என்னாகும் என்று அவர் எண்ணினார். பகவான் மகாவீரரின் 2500-ஆம் நிர்வாண ஆண்டையொட்டி 1975-இல் அவர் நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, செயற்கைக் கால்களைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. இவ்வறத்தின் சிறப்பு யாது? பெறுபவர் வந்த வழியே தம் காலால் திரும்பி நடக்கிறார். கொடுத்தவர் வீட்டு வாயிலில் மீண்டும் மீண்டும் வந்து நிற்பதில்லை. பெறுபவரை எழுப்பிவிட்டுத் தான் விலகிக்கொள்ளும் தானம் இது.

“நடக்கவே முடியாதவர்க்குத் தற்சார்பு ஏது?” எனச் சிலர் வினவலாம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர் ஆய்க்குடி எஸ். இராமகிருஷ்ணன். அவர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று எத்தனையோ பேருக்கு வாழ்வளிக்கிறது. தற்சார்பு என்பது எவர் துணையும் இன்றித் தனித்து நிற்றல் அன்று. அப்படி நிற்பவர் உலகில் எவரும் இலர். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதே அவற்றின் இயல்பு என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. எங்கே செல்வது, எப்போது செல்வது, எதைச் செய்வது என்னும் முடிவு தன்னிடம் இருத்தலே தற்சார்பு. கை பிறருடையதாயினும் கருத்துத் தன்னுடையதாக இருக்கலாம்.

ஆகவே பிறரது முயற்சியைத் தடுத்தல் சிறு குற்றம் அன்று. இடையூறு செய்வோர்க்கு அந்தராய கர்மம் வந்து சேரும் என்பது நம் கொள்கை. அதன் ஐந்து வகைகளுள் வீரியாந்தராயமும் ஒன்று. தடை பகைவரால் மட்டுமே வருமென்று கருதற்க. “விழுந்துவிடுவீர்கள், வேண்டாம்” என்னும் அன்புச் சொல்லாலும் வரலாம். நோயுற்றார்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. தவம் எனில் அதில் நம் மனநிறைவை அடக்குதலும் வேண்டும். அவர் பத்து நிமிடத்தில் செய்வதை நாம் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். செய்யாது பொறுத்து நிற்பதே ஆங்குத் தவமாகும்.

இதனால் எச்சரிக்கை வேண்டாம் என்று பொருளாகாது. முதியவர் இரண்டாம் முறை விழுந்தால் கேடு பெரிது. குளியலறையில் பிடிகம்பி, வழுக்காத தரை, இரவில் விளக்கு, இயன்முறை மருத்துவரின் அறிவுரை ஆகிய யாவும் வேண்டும். தொடை எலும்பு முறிந்தவரை அறுவைக்குப் பின் ஓரிரு நாளிலேயே எழுப்பி நிறுத்த முயல்வது இன்றைய மருத்துவ முறை. படுத்தே கிடந்தால் தசை கரையும், படுக்கைப் புண் தோன்றும், நெஞ்சில் சளி கட்டும்.

வீட்டைப் போன்றே வீதிக்கும் இக்கடமை உண்டு. தியாகராய நகரில் மாம்பலம் இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் மின்தூக்கி உண்டு. மெரினாவில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலி அலையருகே செல்லும்படி 263 மீட்டர் நீள மரப்பாதை அமைக்கப்பட்டது. அடுத்த திங்களே புயலில் சேதமுற்றுப் பின்னர் செப்பனிடப்பட்டது. கடலின் ஈரத்தைப் பல்லாண்டு கழித்துத் தொட்டவர்களின் முகமலர்ச்சியை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். ஆயினும் அடையாற்றிலும் மயிலையிலும் எத்தனை நடைபாதைகள் மின்பெட்டியாலும் வண்டிகளாலும் அடைபட்டுக் கிடக்கின்றன! நம் வண்டியும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். நம் ஆலயங்களிலும் திருமண மண்டபங்களிலும் படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளம் உண்டா என்பதையும் நாம் கேட்டுக்கொள்வது நலம்.

அந்நாளில் மயிலைக் கடற்கரையில் பகவான் நேமிநாதரின் ஆலயம் விளங்கிற்று என்பதும், கடல்கோளுக்கு அஞ்சி அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பதும் நம் மரபு வழிச் செய்தி. அப்பெருமானின் திருமண நாளில் விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுந்தது. அவர் அவற்றை அடைப்பிலிருந்து விடுவித்தார். ஒவ்வொன்றும் தன் காலாலேயே தன் காட்டை அடைந்தது. கருணையின் முழு வடிவம் அதுவே.

மயிலைப் பெரியவரின் வீட்டுக்கு அண்மையில் மீண்டும் சென்றோம். மகனிடம் முன்னரே இவற்றையெல்லாம் பேசியிருந்தோம். இயன்முறை மருத்துவரும் சில வாரங்களாக வந்து போகிறார். பெரியவர் வாக்கரைப் பற்றி எழுந்து, அடி அடியாக அடுக்களை வரை சென்று, எமக்கென ஒரு குவளை நீரை மேசைமேல் எடுத்து வைத்தார். பாதி நீர் சிந்திற்று. மருமகள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிச் சென்று வாங்கிக்கொள்ள அவர் கை துடித்ததை நாம் கண்டோம். ஆயினும் அவர் நின்றார். மிகுந்திருந்த அந்த அரைக் குவளை நீரை நாம் அருந்தினோம்.

அறம் வளர்க!